'பெப்பரோனி' என்னும் பெயரும் அதனால் குடியானவர் அறியத்தக்கனவும்

விளைபொருளுக்கு விலையைத் தருவது அதன் குணமே என்பது யாவரும் ஒப்பும் உண்மை. ஆயினும், சந்தையில் குணத்திற்கு முன்னே செல்வது பெயர். வாங்க வருபவன் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன் சரக்கின் பெயரைக் கேட்கிறான்; பெயரைக் கொண்டே விலையை மனத்தில் மதித்துக்கொள்கிறான். களத்துமேட்டிலிருந்து அயல்நாட்டு அடுக்களை வரையில் சரக்கு செல்லும் வழியில் பல கைகள் மாறுகின்றன. அவ்வழியில் சரக்கு மாறாதிருக்கப் பெயர் மாறுவதுண்டு. பெயர் மாறாதிருக்கச் சரக்கு மாறிவிடுவதும் உண்டு. பின்னதே அதிக நஷ்டத்தை விளைவிப்பது.

இதற்குத் தக்க உதாரணமாயிருப்பது 'பெப்பரோனி' என்னும் சொல். இத்தாலியில் அது ஒரு காயின் பெயர். ஆங்கிலம் வழங்கும் நாடுகளிலோ பீட்சா என்னும் அப்பத்தின் மேல் இடப்படும் ஓர் இறைச்சிப் பண்டத்தின் பெயர். அச்சொல்லின் வேரைத் தேடிச் செல்லின், அது இத்தாலியையும் கடந்து இந்தியாவின் திப்பிலிக் கொடியில் வந்து முடிகிறது. திப்பிலியிலிருந்து மிளகுக்கும், மிளகிலிருந்து மிளகாய்க்கும், மிளகாயிலிருந்து இறைச்சிக்கும் ஒரே பெயர் தாவிச் சென்ற இவ்வரலாறு, பயிரிடுவோரும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்துகொள்ளத்தக்கது.

பீட்சாவும் அதன் பெயர்களும்

புளிக்க வைத்த கோதுமை மாவை வட்டமாகத் தட்டி, அதன்மேல் தக்காளிக் கூழையும் பாலாடைக்கட்டியையும் பரப்பி, மிகுந்த சூடுள்ள அடுப்பினுள் வைத்துச் சுட்டெடுக்கும் அப்பமே பீட்சா எனப்படுவது. தென்னித்தாலியிலுள்ள நேப்பிள்ஸ் நகரம் இதற்குப் பேர்போனது. பீட்சா என்னும் சொல் கி.பி. 997ஆம் ஆண்டில் காயெட்டா என்னும் ஊரில் எழுதப்பெற்ற ஒரு சாசனத்திலேயே காணப்படுகிறது. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து பின்னாளில் வந்த பயிராதலின், அச்சாசன காலத்துப் பீட்சா இக்காலத்ததனின் வேறானதென்பது சொல்லாமலே விளங்கும். இங்கும் பெயர் நிலைத்துப் பொருள் மாறியிருத்தலைக் காணலாம்.

இத்தாலியர் பீட்சா வகைகளுக்கு இடும் பெயர்கள் பலதிறப்பட்டவை. தக்காளி, பூண்டு, எண்ணெய், ஓரெகானோ என்னும் நறுமணத் தழை ஆகியவற்றால் மட்டும் ஆவதாகிய 'மரினாரா', கப்பலோட்டிகளைக் குறித்த பெயர். 'மார்கெரிட்டா' என்பது 19ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அரசியாயிருந்தவரின் பெயரைத் தாங்கியது. காரமிகுந்த வகைக்குப் பேயின் பெயரையிட்டுத் 'தியாவொலா' என்பர். வேறு சில, மேலே இடும் பண்டத்தின் பெயரையே பெற்றிருக்கின்றன. 2010ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் நேப்பிள்ஸ் பீட்சாவின் மரபான செய்முறையைப் பதிவு செய்து பாதுகாப்பளித்தபோது, அதில் இடம்பெற்றவை மரினாரா, மார்கெரிட்டா ஆகிய வகைகளே. உலகின் பிற பாகங்களில் இத்தாலியப் பண்டமென்று பெரிதும் விரும்பி உண்ணப்படும் பெப்பரோனிப் பீட்சா அப்பதிவில் இல்லை.

இத்தாலியில் அச்சொல்லின் பொருள்

இத்தாலிய மொழியில் மிளகுக்குப் 'பேப்பே' என்று பெயர். அச்சொல்லோடு பருமையைக் குறிக்கும் 'ஓனே' என்னும் விகுதி சேரப் 'பெப்பெரோனே' என்றாகும். பெரிய மிளகு என்பது பொருள். அதன் பன்மையே 'பெப்பெரோனி'. தமிழ்நாட்டில் குடைமிளகாய் என வழங்கும் காயைத்தான் இத்தாலியர் இப்பெயரால் அழைக்கின்றனர். சிறுமையைக் குறிக்கும் விகுதி சேர்ந்து 'பெப்பெரொன்சீனோ' என்றாயின், அது சிறிய கார மிளகாயைக் குறிக்கும். ஆகவே விகுதி ஒன்றைக் கொண்டே, காரமில்லாத பெரிய காய் இன்னதென்றும் காரமுள்ள சிறிய காய் இன்னதென்றும் இத்தாலியக் குடியானவர் பிரித்தறிகின்றனர்.

பெப்பெரோனே அந்நாட்டில் கோடைக்காலப் பயிர். வடக்கே பீட்மாண்ட் மாகாணத்திலுள்ள கார்மான்யோலா என்னும் ஊர்ப்புறம் இதற்குப் புகழ்பெற்றது. நான்கு பக்கமாய்த் திரண்ட சதைப்பற்றுள்ள காயைச் சதுரம் என்றும், நீண்டு வளைந்ததை எருதின் கொம்பு என்றும் வடிவத்தால் பெயரிட்டு அங்குள்ளோர் விற்கின்றனர். இக்காயைத் தணலில் வாட்டித் தோலை உரித்து எண்ணெயில் ஊறவைத்தும், வெங்காயம் தக்காளியோடு வதக்கியும் உண்பர். பீட்சாவின்மேல் இக்காயை நறுக்கியிட்டுச் சுடுவதும் உண்டு. ஆகையால், இத்தாலியில் ஒருவர் பெப்பெரோனி இட்ட பீட்சா வேண்டுமென்று கேட்பாராயின், அவர்முன் வந்து சேர்வது குடைமிளகாய்ப் பீட்சாவே. அமெரிக்காவிலிருந்து வரும் யாத்திரிகர்கள் இறைச்சியை எதிர்பார்த்துக் காயைக் கண்டு திகைப்பது இதனாலேயாம்.

சொல் பிறந்த இடம்

சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்ததே திரிகடுகம் என்பதைத் தமிழர் இல்லங்களில் அறியாதவர் இலர். திப்பிலிக்கு வடமொழியில் 'பிப்பலி' என்று பெயர். இந்தியாவிலிருந்து மேற்கே சென்ற இச்சரக்கோடு அதன் பெயரும் சென்றது. பாரசீக நாட்டின் வழியே லகரம் ரகரமாகத் திரிந்து, கிரேக்க மொழியில் 'பெப்பெரி' என்றும், ரோமர்களின் இலத்தீன் மொழியில் 'பிப்பெர்' என்றும் ஆயிற்று. இதினின்று பிறந்தவையே இத்தாலியரின் பேப்பேயும் ஆங்கிலேயரின் பெப்பரும்.

முதலில் திப்பிலியின் பெயராயிருந்தது நாளடைவில் மிளகுக்கும் ஆயிற்று. திப்பிலியும் மிளகும் ஒரே குடும்பத்துக் கொடிகளாயினும் வெவ்வேறு இனத்தவை. திப்பிலியின் தாவர நூற்பெயர் பைப்பர் லாங்கம். மிளகினது பைப்பர் நைக்ரம். ஆனால் கொடியைக் கண்டறியாத தூரதேசத்தார்க்கு இந்த வேற்றுமை விளங்கவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த பிளினி என்னும் அறிஞர், ஒரே செடியின் காயைப் பிஞ்சிற் பறித்து உலர்த்தினால் திப்பிலியென்றும், முற்றியபின் எடுத்தால் வெள்ளை மிளகும் கரிய மிளகுமென்றும் எழுதிவைத்தார். கற்றறிந்தவரே இங்ஙனம் மயங்கினாரெனின், சாதாரண ஜனங்களைப்பற்றிக் கூற வேண்டுவதில்லை.

அவரே அக்காலத்து விலைகளையும் குறித்துள்ளார். ஒரு ரோமானிய இராத்தல் திப்பிலி 15 தெனாரியஸ் என்னும் வெள்ளிக்காசுக்கும், வெள்ளை மிளகு 7 காசுக்கும், கரிய மிளகு 4 காசுக்கும் விற்றனவாம். விலையில் இவ்வளவு ஏற்றத்தாழ்வு உள்ள இடத்தில் கலப்படம் புகாமல் இராது. திப்பிலியில் அலெக்சாந்திரியா நாட்டுக் கடுகையும், மிளகில் ஜூனிப்பர் என்னும் மரத்தின் பழங்களையும் கலந்து விற்பதுண்டென்றும் பிளினி எழுதியிருக்கிறார். பெயரை நம்பிப் பணம் கொடுப்பவனை ஏமாற்றும் வழக்கம் 1,900 ஆண்டுகளுக்கு முற்பட்டதென்பது இதனால் தெரிகிறது. இந்தக் கலப்படத்தால் கெட்டது வியாபாரியின் பெயரன்று. சரக்கின் பெயரே என்பதும் கவனிக்கத்தக்கது.

ஒரே பெயரில் இரண்டு குடும்பங்கள்

1492ஆம் ஆண்டில் கொலம்பஸ் மேற்குக் கடலைக் கடந்தது மிளகு முதலிய வாசனைத் திரவியங்கள் விளையும் கீழைநாடுகளுக்கு வழி காண்பதற்காக. அவர் அடைந்த தீவுகளில் மிளகு இல்லை. 'அஹி' என்று அந்நாட்டார் வழங்கிய ஒரு காரமான காய் இருந்தது. 1493ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அவர் தமது நாட்குறிப்பில் அதனை அவர்களுடைய மிளகு என்றே எழுதினார். தேடிப் போன பொருளின் பெயர் அகப்பட்ட பொருளுக்கு இடப்பட்டது.

மிளகாய்ச் செடியோ மிளகுக் கொடிக்கு எவ்வித உறவும் உடையதன்று. அது கத்தரி, தக்காளி, புகையிலை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவர நூலார் அதனைக் கேப்சிகம் என்பர். மிளகின் உறைப்புக்குக் காரணம் பைப்பரின் என்னும் சத்து. மிளகாயின் உறைப்புக்குக் காரணம் கேப்சைசின் என்னும் வேறொரு சத்து. பின்னது இல்லாது போன வகையே குடைமிளகாய். இவ்வாறு குடும்பத்தாலும் சத்தாலும் வேறுபட்டிருந்தும், நாவில் தோன்றும் எரிவு ஒன்றுபோல் இருந்தமையால் இரண்டும் ஒரு பெயரைப் பெற்றன.

இத்தவற்றை ஐரோப்பியர் மட்டும் செய்தனரென்று கருதலாகாது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக இப்பயிர் இந்தியாவுக்கு வந்தபோது, தமிழர் அதனை மிளகு போன்ற காய் என்னும் கருத்தில் மிளகாய் என்றனர். கன்னடத்தில் மெணசு என்பது மிளகு. மெணசினகாயி என்பது மிளகாய். ஹிந்தியில் இரண்டும் மிர்ச். கரியது, சிவந்தது என்னும் அடைமொழியே வேற்றுமை. புதிய பயிர் வரும்போது பழைய பயிரின் பெயரைக் கொண்டு அதனை அழைப்பது எந்நாட்டுக் குடியானவர்க்கும் இயல்பு. தமிழர் 'காய்' என்னும் சொல்லைச் சேர்த்து வேற்றுமையைக் காத்துக்கொண்டனர். ஆங்கிலத்தில் அத்தகைய காப்பு இன்மையால், பெப்பர் என்னும் ஒரே சொல் இன்றும் மிளகையும் மிளகாயையும் குடைமிளகாயையும் குறித்து நிற்கிறது.

அமெரிக்காவில் நேர்ந்த மாற்றம்

1880 முதல் 1924 வரையில் ஏறத்தாழ 40 இலட்சம் இத்தாலியர் அமெரிக்க ஐக்கிய நாட்டில் குடியேறினர். அவர்களிற் பெரும்பாலோர் தென்னித்தாலியிலிருந்து வறுமையால் புறப்பட்ட ஏழைக் குடியானவர்களும் கூலியாட்களும் ஆவர். சொந்த நாட்டில் இறைச்சி அவர்களுக்கு அரிய உணவு. அமெரிக்காவிலோ அது மலிவாகக் கிடைத்தது. தென்னித்தாலியின் கலாப்ரியா முதலிய மாகாணங்களில், கொத்திய பன்றியிறைச்சியோடு உப்பும் மிளகாயும் சேர்த்துக் குடலில் அடைத்து உலர்த்தி வைப்பது வழக்கம். இத்தகைய பண்டத்தை ஆங்கிலத்தில் சாசேஜ் என்பர். குடியேறியவர்கள் தம் தொழிலைப் புதிய நாட்டிலும் நடத்தினர். ஆயினும் அங்குக் கிடைத்த சரக்குகளுக்கும் அங்குள்ளோர் சுவைக்கும் ஏற்பச் செய்முறை மாறிற்று. பன்றியிறைச்சியோடு மாட்டிறைச்சியும் சேர்ந்தது. இறைச்சி மிக நுண்மையாக அரைக்கப்பட்டது. கார மிளகாயின் இடத்தைப் பெரும்பாலும் காரங் குறைந்து நிறம் மிகுந்த 'பாப்ரிகா' என்னும் மிளகாய்த்தூள் பெற்றது.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தப் புதிய பண்டத்திற்குப் பெப்பரோனி என்னும் பெயர் வழங்கலாயிற்று. மிளகாயால் நிறமும் உறைப்பும் பெற்றதாதலின் மிளகாயின் பெயரே அதற்காயிற்று. இங்ஙனம் ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்கு ஆகி வருவதைத் தமிழிலக்கணத்தார் ஆகுபெயர் என்பர். எழுத்திலும் ஒரு மாறுதல் நேர்ந்தது. இத்தாலியர் இடையில் ஒரு 'பி' எழுத்தையே இடுவர். ஆங்கிலத்தில் பெப்பர் என்னும் சொல்லைப் பின்பற்றி இரண்டு 'பி' இடப்பட்டன. இலக்கணமும் மாறிற்று. இத்தாலியில் அது பன்மைச் சொல். பல காய்களைக் குறிப்பது. ஆங்கிலத்தில் அதற்கு ஒருமை பன்மை இல்லை; வெண்ணெய், மாவு என்பனபோல நிறுத்தும் துண்டு போட்டும் விற்கப்படும் பொருளின் பெயராக வழங்குகிறது.

உலர்ந்து கெடாதிருக்கும் தன்மையால் இப்பண்டம் உழைப்பாளிகளுக்கு உபயோகமாயிற்று. மேற்கு வெர்ஜீனியா மாகாணத்து நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்த இத்தாலியர் ரொட்டியையும் பெப்பரோனியையும் சுரங்கத்தினுள் எடுத்துச் செல்வர். 1927ஆம் ஆண்டையொட்டி, பேர்மாண்ட் நகரில் ரொட்டிக்கடை வைத்திருந்த ஜுசெப்பே ஆர்ஜிரோ என்பவர் ரொட்டி மாவினுள்ளேயே பெப்பரோனியை வைத்துச் சுட்டு விற்கத் தொடங்கினாரென்பது அம்மாகாணத்தில் வழங்கும் வரலாறு. இரண்டாவது உலக மகாயுத்தத்திற்குப் பின் பீட்சா அமெரிக்கா முழுவதும் பரவியது. 1958இல் கான்சாஸ் மாகாணத்திலும் 1960இல் மிச்சிகன் மாகாணத்திலும் தொடங்கிய இரு பீட்சாக் கடைகள் பின்னர் உலகெங்கும் கிளைவிட்டன. 1996இல் இந்தியாவிலும் அவற்றின் கிளைகள் திறக்கப்பட்டன. அவற்றோடு பெப்பரோனி என்னும் பெயரும் அதன் அமெரிக்கப் பொருளுடனேயே எங்கும் பரவிற்று.

அமெரிக்க விவசாய இலாகா இப்பெயருக்கு வரையறை செய்துள்ளது. பன்றியிறைச்சியால், அல்லது அதனோடு மாட்டிறைச்சி சேர்த்துச் செய்ததையே பெப்பரோனி என வாளா கூறலாம். மாட்டிறைச்சியால் மட்டும் செய்ததாயின் அதனைப் பெயரோடு சேர்த்தே அச்சிட வேண்டும். ஈரத்தின் அளவு புரதத்தின் அளவைப்போல் 1.6 மடங்குக்கு மேற்படலாகாது. காயின் பெயரைத் தாங்கிய பண்டத்திற்குச் சட்டம் இறைச்சியின் அளவையும் ஈரத்தையும் வரையறுப்பது, பெயர் தன் பழம்பொருளை எவ்வளவு முற்றிலும் இழந்துவிட்டது என்பதற்குச் சான்றாகும். இத்தாலியிலோ இத்தகைய பீட்சாவைக் கார சலாமி இட்டது என்றோ தியாவொலா என்றோ கூறினால்தான் விளங்கும்.

நாட்டுக்கு நாடு மாறும் வழக்கு

மற்ற நாடுகளில் அச்சொல் பெற்ற பொருள்களைப் பார்ப்போம். ஜெர்மனியில் பெப்பரோனி என்றால் கார மிளகாய். பெரும்பாலும் காடியில் ஊறவைத்தது. அண்டை நாடாகிய ஸ்விட்சர்லாந்தில் ஜெர்மன் மொழி பேசுவோர்க்குள் அச்சொல் குடைமிளகாயைக் குறிக்கும். ஜெர்மனியில் குடைமிளகாய்க்குப் பாப்ரிகா என்று பெயர். ஆங்கிலத்தில் பாப்ரிகா என்பது காயன்று, தூள். அந்தப் பாப்ரிகா என்னும் சொல்லும் பெப்பர் பிறந்த வேரினின்றே கிழக்கு ஐரோப்பிய மொழிகளின் வழியாக வந்ததாம். இத்தாலியில் காரமுள்ளதைக் குறிக்கும் பெப்பெரொன்சீனோ, அமெரிக்காவில் பன்மை வடிவம் பெற்று, காரங் குறைந்த மஞ்சள் நிற ஊறுகாய் மிளகாயைக் குறிக்கிறது. அமெரிக்கர் பெல் பெப்பர் என்பதை ஆஸ்திரேலியரும் இந்தியரும் கேப்சிகம் என்கின்றனர்.

இதனால் விளையும் இடர்கள் அற்பமானவையல்ல. கல்வியின் பொருட்டோ உத்தியோகத்தின் பொருட்டோ அயல்நாடு செல்லும் கிராமத்து இளைஞர் பலர். அவர்களிற் சைவ உணவினரும், மார்க்க விதியால் பன்றியிறைச்சியை விலக்கியவரும் இருக்கின்றனர். பெப்பர் என்னும் ஒலியைக் கேட்டு மிளகு அல்லது குடைமிளகாய் இட்ட பண்டமென்று கருதி வாங்குவாராயின், தம் நெறிக்கு மாறானதை உண்ண நேரிடும். ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் அச்சொல் இறைச்சியையே குறிக்குமென்று முன்கூட்டி அறிதல் வேண்டும். இந்தியாவில் கோழியிறைச்சியாற் செய்ததற்கும் அப்பெயர் இடப்படுவதுண்டு. இங்கு அடைத்து விற்கும் உணவுப் பொருள்களின் உறையில் பச்சை வட்டக்குறி சைவத்தையும், பழுப்பு முக்கோணக்குறி அசைவத்தையும் காட்டும். பெயரைக் காட்டிலும் குறியையும், குறியோடு சேர்ப்புப் பொருள்களின் பட்டியையும் நோக்குவதே உத்தமம்.

பெயரைக் காத்துக்கொண்ட குடியானவர்

பெயர் கைவிட்டுப் போவதைக் கண்ட இத்தாலியக் குடியானவர் வாளாவிருக்கவில்லை. தென்னித்தாலியில் பசிலிகாட்டா மாகாணத்தில் செனிசே என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூர்ப்புறத்துப் பெப்பெரோனே மெல்லிய சதையும் குறைந்த நீரும் உடையது. உலர்ந்தபின்னும் காம்பு கழலாதது. ஆகையால் காம்புகளில் நூல் கோத்துச் சரமாக வீட்டுச் சுவர்களில் தொங்கவிட்டு உலர்த்துவர். உலர்ந்த காயை எண்ணெயில் இட்டு நொடிப்பொழுதில் எடுத்தால் அப்பளம்போல் மொறுமொறுப்பாகும். பொடித்தும் சமையலிற் சேர்ப்பர்.

கனத்த சதைப்பற்றுள்ள காய்கள் ஓங்கிய சந்தையில் இத்தகைய மெல்லிய காய்க்கு மதிப்புக் குறைவாயிருத்தல் இயற்கை. அவ்வூரார் தங்கள் காயை வேறு காயைப்போல் ஆக்க முயலவில்லை. தம் ஊரின் பெயரைக் காயோடு பிணைத்தனர். 1996ஆம் ஆண்டில் ஐரோப்பியச் சட்டத்தின்கீழ் 'செனிசேப் பெப்பெரோனே' என்னும் பெயர் பதிவாயிற்று. எந்த எல்லைக்குள் விளைவது, எவ்வகைக் காய், என்னென்ன இலக்கணம் உடையது என்பனவெல்லாம் எழுத்தில் வரையறுக்கப்பட்டன. அந்த எல்லைக்கு வெளியே விளைந்ததையோ இலக்கணம் குறைந்ததையோ அப்பெயரால் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கலாகாது. பெப்பெரோனே என்னும் பொதுப்பெயர் கடல் கடந்து சாசேஜின் பெயராகிவிட்டது. ஊர்ப்பெயரோடு கூடிய சிறப்புப்பெயரோ காயோடே நிற்கிறது. பொதுப்பெயரை ஒருவராலும் கட்டிவைக்க இயலாது. சிறப்புப்பெயரைக் கட்டிவைக்க இயலும் என்பதே இதனால் அறியக் கிடப்பது.

இந்நாட்டுக் குடியானவர் கவனிக்க வேண்டியவை

இந்தியாவிலும் இதற்கொத்த சட்டம் உண்டு. 1999ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அமலுக்கு வந்தது. அதற்கான பதிவகம் சென்னையிலேயே இருக்கிறது. கர்நாடகத்தின் ப்யாடகி மிளகாய் 2011ஆம் ஆண்டிலும், இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023ஆம் ஆண்டிலும் பதிவாயின. இவற்றுள் ப்யாடகி மிளகாய் காரங் குறைந்து செந்நிறம் மிகுந்தது. அதினின்று எடுக்கப்படும் சிவந்த சாறு உணவுப் பண்டங்களுக்கு நிறமூட்டுவதற்கென்று அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. அதுபோன்ற நிறச்சாறுகள் சாசேஜ் வகைகளிலும் சேர்க்கப்படுவதுண்டு. அங்ஙனம் சேரும்போது உண்போர்க்கு மிளகாயின் ஊரும் தெரிவதில்லை, இனமும் தெரிவதில்லை. விற்கும் இடத்திலேயே பெயரை உறுதிப்படுத்திக்கொள்ளாத குடியானவனுக்கு அப்பால் அதனைச் செய்ய வாய்ப்பில்லை.

ஆதலின் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுதல் நன்று:

(1) அயல்நாட்டு வியாபாரத்திற்கான கடிதத்திலும் ஒப்பந்தத்திலும் பெப்பர் என்று மட்டும் எழுதலாகாது. மிளகா, வற்றல் மிளகாயா, குடைமிளகாயா என்பதைத் தாவர நூற்பெயருடன் குறித்தல் வேண்டும். மிளகு பைப்பர் நைக்ரம். சாதாரண மிளகாய், குடைமிளகாய் இரண்டும் கேப்சிகம் ஆன்னுவம். பின்னவை இரண்டும் ஒரே நூற்பெயருடையனவாதலின் காயின் வகையையும் கூடவே எழுத வேண்டும்.

(2) வாங்குபவர் வழங்கும் பெயர் அவர் நாட்டில் எப்பொருளைக் குறிக்கிறதென்று முதலிலேயே கேட்டுத் தெளிய வேண்டும். சிறு மாதிரி ஒன்றை அனுப்பி, அம்மாதிரிக்கே ஒப்பந்தம் செய்துகொள்வது வீண் வழக்குகளைத் தவிர்க்கும்.

(3) ஒரு ஜாதிக் காயோடு வேறு ஜாதியைக் கலந்து, மதிப்புள்ளதன் பெயரால் விற்றலை அறவே ஒழிக்க வேண்டும். கலந்தவர் ஒருவராயினும் பெயர் கெடுவது ஊர் முழுவதற்குமாம். விதையையும் ஆண்டுதோறும் தூய செடிகளிலிருந்தே தெரிந்தெடுத்தல் வேண்டும்.

(4) புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதென்று இருந்துவிடுதல் போதாது. அச்சட்டப்படி பயிரிடுவோர் ஒவ்வொருவரும் அங்கீகாரம் பெற்ற உபயோகிப்பாளராகப் பதிவு செய்துகொண்டால்தான் அப்பெயரின் முழு உரிமை அவர்க்கு உண்டு. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பின் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

(5) கிராம உத்தியோகஸ்தர்கள் பயிர்க்கணக்கு எழுதுங்கால் மிளகாய் என்று பொதுவாகக் குறிப்பதோடு, முண்டு, சம்பா முதலிய வகையையும் குறித்து வைப்பாராயின், எந்த எல்லைக்குள் எவ்வகை விளைகிறதென்பதற்கு அதுவே பின்னாளில் சாட்சியாக நிற்கும். குறியீடு கோரும் சங்கங்களுக்கு இத்தகைய பழைய பதிவுகள் பேருதவியாகும்.

திப்பிலியை விளைவித்தவர் தம் கொடியின் பெயர் ஒருநாள் அயல்நாட்டில் ஓர் இறைச்சியின் பெயராகுமென்று எண்ணியிருக்க இடமில்லை. அப்பெயரைத் தடுத்து நிறுத்தும் சட்டமும் அவர்களுக்கு இல்லை. சரக்கு துறைமுகத்தைக் கடந்தபின் அதன் செய்தியை அறியும் வழியும் இல்லை. இக்காலத்துக் குடியானவர்க்கு இரண்டும் இருக்கின்றன. தம் ஊரின் பெயரைத் தம் விளைபொருளோடு பிணைத்து, அதன் குணத்தைக் குறைவின்றிக் காத்துவரின், அச்சரக்கு எவ்வளவு தூரம் சென்றாலும் அதன் பெருமையும் பலனும் விளைவித்தவரையே வந்தடையும் என்பது திண்ணம்.